மூன்றாம் பாகம் முடியவில்லை

எங்கள் மாமா போர்வெல் லாரியில் வேலை பார்த்தார். அம்மாவின் தம்பி. வடக்கே எங்கெங்கோ போய்த் துளை போட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலைக்கு வருவார். தொண்ணூற்றெட்டு வாக்கில் அப்படி வந்தபோது ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் நாலைந்து சிடியும் கொண்டுவந்தார். டிவியில் மாட்டி விளையாடுகிற கேம். ஒரு வாரம் தானே விளையாடினார். பிறகு சலித்துப்போய் அலமாரி மேல் வைத்துவிட்டு, "எவளாச்சும் தொட்டீங்க, கைய ஒடிச்சுருவேன்" என்று என்னையும் அக்காவையும் பார்த்துச் சொல்லிவிட்டு லாரி ஏறினார். தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நாங்கள் தொட்டிருக்க மாட்டோம். அப்படியும் சொல்ல முடியாது, தொட்டிருப்போம்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி மாமா வீடு. மிளகு பறிக்கிற காலத்தில் இரண்டு வீட்டு மிளகையும் மாமா வீட்டுக் களத்தில்தான் காயப்போடுவார்கள். பெரியவர்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோழியும் ஆடும் வராமல் காவல் காப்பது எங்கள் இருவர் வேலை. அத்தை சாவியையும் எங்களிடமே கொடுத்துவிட்டுப் போவாள். அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்குப் பன்னிரண்டு. அந்த வருடம் கோழிகள் தின்ற மிளகுக்கு அளவே இல்லை.

கேமில் மூன்று பாகங்கள். திரையில் வரும் எழுத்து ஜப்பானா சீனாவா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதனால் மற்றவர்களுக்கு மர்மமாக இல்லாததும் எங்களுக்கு மர்மமாக இருந்திருக்கும். முதல் பாகம் ஆளில்லாத ஒரு ரயில் நிலையம். நாங்கள் இருவரும் ரயிலையே பார்த்ததில்லை. கையில் டார்ச்சோடு ஒருவன் நடந்துபோவான். பிளாட்பாரத்துப் பெஞ்சில் மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் முகம் தெரியாது. இரண்டாம் பாகம் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே மாடிப்படியில் அதே மஞ்சக்காரி, அதே முதுகு. ஒரு மேசையில் போன் அடிக்கும், எடுத்தால் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும். பதினேழு என்று போட்ட கதவுக்கு மூன்று பாகத்திலும் சாவி கிடையாது.

விளையாடுவது அக்கா. அவள் விரல்கள் அப்படி. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் புரியாதவற்றை எல்லாம் வரிசையாக எழுதிவைப்பேன். கடிகாரம் ஏன் நாலு பத்திலேயே நிற்கிறது, பெஞ்சுக்கு அடியில் கிடக்கிற ஒற்றைச் செருப்பு யாருடையது, இப்படி. இது முக்கியமான வேலை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. பாடத்தில் ஒரு கேள்வியும் எழுதாத நான் இதில் பதினொரு கேள்வி எழுதியிருந்தேன்.

இரண்டாம் பாகத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு அறை. உள்ளே ஒன்றுமே இல்லை. கட்டில் இல்லை, மருந்து இல்லை. மேலே டியூப்லைட் மட்டும் படபடவென்று எரிந்து எரிந்து அணையும், திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஒன்றுமில்லாத அறையை எதற்கு வைத்தார்கள் என்று அக்காவுக்குத் தாங்கவில்லை. மஞ்சக்காரியின் ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று சாதித்தாள். சுவர் சுவராக முட்டிப் பார்த்தாள். அப்படி முட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கட்டை விரல் தானாகத் துடித்தது. கண் ஒரு பக்கமாகச் செருகியது. அப்படியே பின்னால் சாய்ந்து விறைத்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை வந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், சுவரோடு ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. தூங்கினாள். எழுந்ததும், "ஏம்புள்ள, நான் தூங்கிட்டனா?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை, பிறகு பயந்தாள். "ஆருகிட்டயும் சொல்லாத. மாமனுக்குத் தெரிஞ்சா கேமை எடுத்துட்டுப் போயிரும். சாமி சத்தியமாச் சொல்லு" என்றாள். சத்தியம் செய்தேன். நாலு நாள் கழித்து மறுபடி அந்த அறைக்குள் போனாள். மறுபடி அதே மாதிரி ஆனது. அன்றைக்கு நான் நோட்டை எடுத்துப் பன்னிரண்டாவது கேள்வியை எழுதினேன்: அந்த ரூமுக்குள் போனால் அக்காவுக்கு ஏன் இப்படி ஆகிறது? கேமில் இருக்கிற புதிர்களில் அதுவும் ஒன்று என்று நினைத்தேன். சொல்லவே கூசுகிறது, எனக்கு அதில் ஒரு பரபரப்புக்கூட இருந்தது. அந்த அறையை விட்டுவிட்டு வேறு வழியாக அக்கா மூன்றாம் பாகத்துக்குப் போய்விட்டாள். அது ஒரு தீவு. வேறெங்கும் விளையாடும்போது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குத் தெரிந்தது பஸ்ஸில். பொங்கலுக்குத் துணி எடுக்கக் குடும்பத்தோடு நாமக்கல் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினோம். அக்கா ஜன்னல் ஓரம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது சாய்ந்த வெயில் மரங்களுக்கு இடையே விட்டு விட்டு அவள் முகத்தில் அடித்தது. ஏழெட்டு வளைவுக்குள் அவளுக்கு இழுத்துவிட்டது. கண்டக்டர் ஓடிவந்து யாரிடமோ சாவிக்கொத்தை வாங்கி அவள் கையில் திணித்தார். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. அம்மா தன் முந்தானையால் அக்காவின் முகத்தை மூடினாள். மூச்சுத் திணறுமே என்று அப்பா விலக்க, அம்மா மறுபடி மூட, வழியெல்லாம் இதே.

வீட்டில் சண்டை. காலையில் முதல் பஸ்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம் என்றார் அப்பா. "ஏனுங்க, வலிப்புக்காரின்னு பேரு வந்துட்டா அப்புறம் எவன் கட்டுவானுங்க? எளையவளையும் சேத்தித்தானுங்க பேசுவாங்க" என்று அம்மா அழுதாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதைச் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று சாமியிடம் பூ வைத்துக் கேட்பது என்று முடிவானது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி சாமியின் காலடியில் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் உத்தரவில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எங்கள் ஊரில் பூவை மடித்துக் கொண்டுவருவது கேட்கிற வீட்டின் பொறுப்பு. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று பறித்து மடித்துக் கட்டினாள். தட்டை என் கையில் கொடுத்து, முன்னால் போ, தீட்டு எதுவும் எதிரில் வராமல் பார்த்துப் போ என்றாள். அவர்கள் அக்காவை நடத்திக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

நான் தனியாக நடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்பார், எப்போதிருந்து, என்ன செய்யும்போது என்று. எல்லாம் வெளியே வரும். மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். அக்கா தீவில் படகுத்துறை வரைக்கும் வந்திருந்தாள். அங்கே மஞ்சக்காரி முதல் தடவையாகத் தலையை லேசாகத் திருப்பியிருந்தாள். இன்னும் இரண்டு நாள் விளையாடினால் முகம் தெரிந்துவிடும். அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. இதைவிட நல்ல காரணம் ஏதாவது எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

கோயில் போகிற வழியில் பள்ளத்தோரம் ஒரு செவ்வரளிச் செடி இருந்தது. வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்தேன். பூவை மாற்றினேன். அம்மா போட்ட மாதிரியே நாரில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். 

பூசாரியின் மூன்று வயதுப் பேத்தி ஒன்றை எடுத்தது. சிவப்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா மற்றொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தாயத்து, வேப்பிலை அடிப்பது, செவ்வாய் வெள்ளி உப்பில்லாத சோறு. பகலெல்லாம் யாராவது உடனிருந்தார்கள், கேம் பக்கமே போக முடியவில்லை. நான் எதற்காகப் பூவை மாற்றினேனோ அதுகூட நடக்கவில்லை.

மாசி கடைசியில் ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உடனிருந்தவர்கள் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா தனியாக ஓடையில் துணி துவைக்கப் போயிருக்கிறாள். நல்ல உச்சி வெயில். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். குப்புறக் கிடந்தவளை வழியில் போனவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட ஆள் வந்தபோது கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நான் போகவில்லை. மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பயத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன்.

மாமா வந்து அழுதார். போகும்போது பெட்டியை எடுத்துப் போய் எங்கேயோ விற்றுவிட்டார்.

பல வருடம் கழித்து நாமக்கல்லில் கல்லூரியில் படித்தபோது ஒரு பிரௌசிங் சென்டரில் அந்த கேமைத் தேடினேன். பெயர் தெரியாது. ரயில் நிலையம், மஞ்சள் உடுப்பு, பெஞ்ச் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடியதில் கிடைத்தது. உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்துகொண்டு மஞ்சக்காரி யார், பதினேழாம் கதவுக்குள் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். என் பதினொரு கேள்வியும் அங்கே இருந்தன. மூன்றாம் பாகத்தின் முடிவிலும் அவள் முகம் தெரியாதாம். கேமைச் செய்தவர்கள் இதுவரை வாயே திறக்கவில்லையாம்.

அந்த அறையைப் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். அதில் மர்மம் எதுவும் இல்லை, சும்மா பயமுறுத்த வைத்தது என்று. பெட்டியோடு வரும் சின்னப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை உண்டாம். வேகமாக மினுங்கும் வெளிச்சத்தைப் பார்த்தால் சிலருக்கு வலிப்பு வரலாம், வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள் என்று. மாமா வாங்கியது திருட்டு சிடி. பிளாஸ்டிக் உறையில் வந்தது, புத்தகம் கிடையாது. பிறகு நானே ஒரு நரம்பு டாக்டரிடம் போய் யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டேன். மரங்களுக்கு இடையே அடிக்கும் வெயிலும், தண்ணீர் மேல் மினுங்கும் வெயிலும்கூட அதே வேலையைச் செய்யும் என்றார். தினம் ஒரு மாத்திரை, ஒரு கறுப்புக் கண்ணாடி, தண்ணிப் பக்கம் தனியாகப் போகாமல் இருப்பது. பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றார். பன்னிரண்டாவது கேள்விக்கு மட்டும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. டாக்டரின் மேசைமேல் தலை வைத்து நான் அழுததைப் பார்த்து அவர் யாருக்கு என்று மறுபடி கேட்கவில்லை.

வீட்டில் வேறொன்று விடை தெரியாமல் கிடந்தது. அக்கா போனதிலிருந்து அப்பா அம்மாவோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே காடு, ஒரே பஸ். பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார், நான் அம்மாவிடம் சொல்வேன். அம்மா அவர் எதிரில் போய் நின்று, "நான் என்னுங்க தப்புப் பண்ணேன்? அதையாச்சும் சொல்லிப்போட்டுப் பேசாம இருங்க" என்று கேட்டதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். துக்கம் சிலரை அப்படி ஆக்கிவிடும் என்று அம்மாவுக்கு நான் சமாதானம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். ஏறக்குறைய பத்து வருடம். பிறகு அம்மா கீழே ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் காலை. உறவெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. அப்பா களத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். தலை நிமிராமலே பேசினார்.

"உங்கம்மாளுக்கு நான் ஏன் அப்படி இருந்தேன்னு நீ தெரிஞ்சுக்கோணும் கண்ணு. செத்தவளப் பத்திச் சொல்லப்படாதுன்னுதான் பாத்தேன். அன்னிக்குப் பூவு கேட்டமே, மத்தப் பொட்டலத்த ஓடையில உடறப்ப நான் பிரிச்சுப் பாத்துட்டேன். அதுலயும் செவப்பு. ரெண்டுலயும் செவப்ப வெச்சுக் கட்டியிருக்கறா. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு புள்ளையவே குடுத்துட்டா."

"அப்பவே கேட்டிருக்கலாமுங்களேப்பா" என்றேன். 

"சாமி பொட்டலத்தப் பிரிச்சவன் நானு. அத எப்படி வெளிய சொல்றது? மறு வாரம் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருந்தேன். மொளகு முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் அம்மாவைத் திட்டிக்கொண்டே மீதி நாளையும் ஓட்டியிருப்பார். ஆனால் செத்தும் அவள் அதைச் சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மா இல்லீங்கப்பா. அம்மா சரியாத்தான் கட்டுனாங்க. நான்தான் வழியில மாத்திப்போட்டேன்."

அவர் கை முறத்தில் நின்றது. "எந்தப் பூவை?" என்றார்.

"பள்ளத்தோரம் செவ்வரளி இருந்துதுங்களே, அதுல பறிச்சு."

"எதுக்கு?"

கேமைப் பற்றிச் சொன்னேன். ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, மஞ்சக்காரி, முகம், மூன்றாம் பாகம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்று எனக்கே கேட்டது. அவருக்குப் பாதி புரிந்திருக்காது. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் மிளகை ஒரு கையால் நிரவிவிட்டார்.

"கடசி நாளு ஆஸ்பத்திரியில எங்கையப் புடிச்சா கண்ணு. பேச முடியாம சும்மா புடிச்சுட்டு என்னையவே பாத்தா. நான் உருவிக்கிட்டு வெளிய வந்துட்டேன்" என்றார்.