பினாங்கு ஹோட்டலில் ஒரு கட்டில்

என் வீட்டுக்காரர் படம் பிடித்த முகங்களில் அரைவாசிக்கு மேல் கண்ணை மூடியவை. பகிடிக்குச் சொல்லவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. முரசுமோட்டையில் வயலும் வீடும். சுற்றுவட்டாரத்தில் ஒரு உயிர் போனால், சொந்தக்காரருக்குச் சொல்ல ஆள் புறப்படும்போதே எங்கள் படலைக்கும் ஒருவர் சைக்கிளில் வந்து நிற்பார். இவரும் சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கமராவைத் தூக்குவார்.

தூர இடங்களில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பத்தான் அந்தப் படங்கள். இவர் அதை ஒரு ஒழுங்கோடு செய்வார். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி முகம் தெரியச் செய்வார். தலைமாட்டில் விளக்கு, கால்மாட்டில் பூ. சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றி இரண்டு வரிசை, சிறுவர்கள் முன்னால் பாயில். "கையைக் கட்டுங்கோ, அசையாதேங்கோ" என்பார். அவ்வளவு சனமும் மூச்சு விடாமல் நிற்கும்.

ஆனால் கலியாணவீட்டுக்கு ஒரு நாய் கூட அவரைக் கூப்பிடாது. பிணத்தைப் பிடித்த கமரா மணவறைக்கு ஆகாதாம். முன்வீட்டுக்காரர் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து படக்காரரை அழைத்தார்கள். அந்தக் கார் எங்கள் படலையடியில் நின்று வழி கேட்டது. இவர்தான் எழும்பிப் போய்க் கை நீட்டி வழி காட்டினார். திரும்பி வந்து கிணற்றடியில் முகம் கழுவினார். முன்வீட்டு அக்காவோடு நான் வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பினாங்குப் பயணம்கூட ஒரு செத்தவீட்டால்தான் வந்தது. தர்மபுரத்தில் ஒரு அம்மா காலமானா. அவவின் மகன் மலாயாவில் ஹோட்டல் வைத்திருந்த முதலாளி. கப்பலேறி அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, சாம்பலும் கரைத்தாயிற்று. இவர் எடுத்த படத்தைக் கொடுத்தோம். அந்த மனிதர் அதை மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, அம்மா நித்திரை கொள்ளுற மாதிரியே இருக்கிறா" என்றார். பிறகு, பினாங்குக் கடற்கரையில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டியிருப்பதாகவும், வெள்ளைக்காரர் தங்கள் ஊருக்கு எழுதிப் போடப் படமட்டைகள் வேண்டுமென்றும், அங்கே எத்தனை பேர் இருந்தாலும் அம்மாவை இப்படி எடுத்த கைதான் எடுக்கவேண்டுமென்றும் சொன்னார். என்னையும் வரச்சொன்னார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சால் வர்ணம் தொட்டு வைப்பது நான்தானே.

இவருக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. வயலை என் அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம். கப்பலில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க, இவர் மேல்தட்டில் நின்று கடல் பார்த்தார். பக்கத்தில் வந்து இருந்து ஒன்று சொன்னார்: "அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது. உயிருள்ள படமாய் எடுத்துக்கொண்டு வாறன், பாரும். பிறகு எங்கடை சனமும் கூப்பிடும்." பச்சைப் பிள்ளை ஆசைப்படுவதுபோல இருந்தது. நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓம் என்றேன்.

ஹோட்டல் என்றால் அது ஹோட்டல். அறைக்கு அறை மின்விசிறி, பிரம்புக் கதிரை, சன்னலைத் திறந்தால் கடல். எங்களுக்குக் குசினிக்குப் பின்னால் முதலாளியின் குடும்பம் இருந்த வீட்டில் ஒரு அறை. அங்கே பாய்தான் விரித்துப் படுத்தோம். பெரிய அறைக் கட்டில்களைத் தொடவே எனக்குப் பயம், விரிப்பு அப்படி வெள்ளை.

முதலாவதாகக் கடல் பார்த்த அறையை எடுக்க முடிவானது. வெறும் அறையை யார் பார்ப்பான் என்று இவர் வேலையாட்களை எல்லாம் கூப்பிட்டார். சீனச் சமையல்காரர், மலாய்த் தோட்டக்காரர், துணி தோய்க்கிறவர், மேசைக்குப் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் கஞ்சி போட்ட உடுப்போடு வந்தார்கள். இவர் தலையணைகளை அடுக்கி உயர்த்தினார். மேசை விளக்கைத் தலைமாட்டுக்கு நகர்த்தினார். பூச்சாடியைக் கால்மாட்டில் வைத்தது நான். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டதும் நான்தான். கட்டிலைச் சுற்றி இரண்டு வரிசை. கையைக் கட்டச் சொல்லிச் சைகை காட்டினார். என்ன வடிவாக நிற்கிறார்கள் என்று நானும் பூரித்துப் போய் நின்றேன். எங்கள் இரண்டு பேரின் மூளையும் எங்கே போயிருந்ததோ!

குளியலறை விளக்குக்குச் சிவப்புத் துணி கட்டிப் படத்தைக் கழுவி, காயவைத்து முதலாளிக்குக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார்.

"தம்பி, குறை நினையாதையும். இது எங்கடை அம்மான்ரை படம்தான். அம்மா மட்டும்தான் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனிதர். வேலையாட்கள் போய்ப் பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. விறாந்தையில் போய்க் குந்தினார். தேத்தண்ணி கொடுத்தேன், ஆறிப்போனது. கடைசியில் சொன்னார்: "உயிரோடை இருக்கிறதை எடுக்க எனக்குத் தெரியாது. ஊர்ச்சனம் சொல்லுறது சரிதான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அடுத்த நாள் காலை வேலையாட்களைக் கூப்பிடாமல் வெறும் அறைக்கு முன்னால் கமராவை நிறுத்தினார். அது இன்னும் மோசம். பிணத்தை எடுத்துக்கொண்டு போன வீடு மாதிரி இருந்தது. சமையல்காரர் எனக்குக் கொண்டுவந்த கோப்பி கையில் இருந்தது. ஆள் இல்லாவிட்டால் கட்டில் என்னத்துக்கு, கோயிலில் வைத்துக் கும்பிடவோ என்று ஏசிக்கொண்டு போய்ச் சட்டென்று அந்தக் கட்டிலில் குந்தினேன். பனம்பலகை வாங்கிலில் குந்திப் பழகியவள் நான். ஸ்பிரிங் மெத்தை என்றால் என்னவென்று யார் கண்டது? அப்படியே உள்ளே போய், திரும்ப மேலே எறியப்பட்டு, இரண்டு காலும் அந்தரத்தில். கோப்பி சேலையிலும் விரிப்பிலும். வெட்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் கூடச் சிரித்தேன். கமரா 'கிளிக்' என்றது.

அந்தப் படத்துக்கு வர்ணம் தொட்டதும் நான்தான். சேலைக்குப் பச்சை, கடலுக்கு நீலம். என் கன்னத்துக்கு நானே சிவப்புப் பூசியபோது யாரும் பார்க்கிறார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டேன். முதலாளி இதுதான் மட்டை என்றார். மற்ற அறைகளையும் இவர் அதே கையோட்டத்தில் எடுத்தார். சமையல்காரர் மீனைத் தூக்கிக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஊருக்கு வந்து என் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் மாட்டினார். நான் வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். சனம் பேசத்தான் செய்தது. கட்டிலில் இருந்து சிரிக்கிறாளாம், புருசன் அதைக் கடைத்தெருவில் தொங்கவிட்டிருக்கிறானாம். மல்லாவிச் சந்தைவரை போன கதை அது. ஆனால் கலியாணத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. இவர் திரும்பவும் செத்தவீடுகளுக்கே போய்வந்தார். படத்தைக் கழற்றச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார்.

பிறகு ஒரு காலை முன்வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையில் வெற்றிலைத் தட்டம். இளைய மகளுக்குக் கலியாணம். நான் கதிரை எடுத்துப் போடக்கூட மறந்துபோய் நின்றேன்.

"அவரையும் கமராவோடை வரச்சொல்லும் பிள்ளை. உம்மை எடுத்த மாதிரி என்ரை பிள்ளையையும் எடுக்கட்டும். கட்டில் வேண்டாம், சிரிப்பு மட்டும் போதும்" என்றா.

கலியாணத்தன்று இவர் மணவறைக்கு முன்னால் கமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அவ்வளவுதான், முரசுமோட்டைச் சனம் முழுக்க ஒரேயடியாகக் கையைக் கட்டி, நாடியைத் தாழ்த்தி, இரண்டு வரிசையாகிவிட்டது. மணப்பெண் கூட. அந்தக் கமராவுக்கு முன்னால் அவர்கள் நின்றதெல்லாம் யாரையோ பறிகொடுத்த நாட்களில்தானே. அதற்குக் காட்ட வேறு முகம் அவர்களிடம் இல்லை, பாவங்கள்.

இவர் துணியை விலக்கி வெளியே வந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை. சிரியுங்கோ."

மணவறையில் சொல்லுகிற வார்த்தையா அது? மேளகாரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். முதலில் மணப்பெண்ணின் தோள் குலுங்கியது. பிறகு அவளின் தாய். பிறகு பந்தலே சிரித்தது. இவர் அவசரமாகத் துணிக்குள் புகுந்தார்.

அந்தப் படத்தில் முன்வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறா. எடுத்து முடிந்தும் இவர் துணிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. வேர்க்கிறது என்றார். ஓம், வேர்க்கும்தான் என்று சேலைத்தலைப்பைக் கொடுத்தேன்.