ஃபேனை நிறுத்திய கச்சேரி

எழுபதுகளில் நான் சினிமா ஸ்டுடியோவில் வியோலா வாசித்துக்கொண்டிருந்தேன். வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒரு வாத்தியம். கொஞ்சம் பருமன், கொஞ்சம் கனத்த குரல். அத்தனை வயலின்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க எனக்கே கஷ்டம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ரேடியோவில் நான் வாசித்த பாட்டு வந்துவிட்டால் போதும், என் மனைவி கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள்.

"ஏன்னா, இதுல நீங்க எது?"

"அதோ, பின்னாடி வரதே, அது."

"எல்லாந்தான் பின்னாடி வரது" என்று போய்விடுவாள். கல்யாணமான நாளாக இதே கதைதான். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மே மாதம், வடக்கே பனி கொட்டும் நாடு ஒன்றிலிருந்து நாலு பேர் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹாலில் வாசிக்க வந்தார்கள். வெயிலைப் பார்க்க வேண்டுமென்று அவர்களே மே மாதத்தைக் கேட்டு வாங்கினார்களாம். நன்றாகப் பார்த்தார்கள். வியோலாக்காரர் வந்த அன்றே மாம்பழத்தை ஒரு கை பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். விசாரித்துக்கொண்டு வந்து என்னைப் பிடித்தார்கள்.

அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்போதுதான் எழுதிய இசை அது. காடு, உறைந்த ஏரி, காற்று, தூரத்தில் ஓநாய். கடைசிப் பக்கத்தில் மற்ற மூவரும் வில்லைத் தாழ்த்திவிடுவார்கள். வியோலா மட்டும் தனியாகப் பனி விழுவதை வாசிக்க வேண்டும், வில் தந்தியைத் தொட்டதா இல்லையா என்கிற மாதிரி. பனியாவது, ஏரியாவது! நான் ஊட்டிக்குக்கூடப் போனதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் மனைவியிடம், "நீ கட்டாயம் வரணும். நான் மட்டும் வாசிக்கிற எடம் ஒண்ணு இருக்கு" என்றேன்.

ஒத்திகையில்தான் விஷயம் தெரிந்தது. ஹால் ஃபேன்கள் கடகடவென்று சுற்றியதில் என் பனி சுத்தமாகக் கேட்கவில்லை. முதல் வயலின் வாசித்த அம்மாள், கொஞ்சம் பலமாக வாசிக்கலாமே என்றார். பலமாக விழுந்தால் அதற்குப் பெயர் ஆலங்கட்டி. நான் வாட்ச்மேனிடம் போனேன்.

"இன்னா சார், ஃபேனை நிறுத்தினா ஜனம் எழுந்து வூட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

"கடைசிப் பக்கத்துக்கு மட்டும்ப்பா. மத்த மூணு பேரும் வில்லை எறக்கினதும் அணைச்சுடு."

மறுநாள் கச்சேரியில் சொன்னபடியே அணைத்தான். நான் முதல் ஸ்வரத்தை எடுத்தேன். ஹால் முழுக்க நிகழ்ச்சித் தாளை மடித்து விசிற ஆரம்பித்துவிட்டார்கள். சரசரவென்று ஒரே சத்தம். இதற்கு ஃபேனே தேவலை. இரண்டாவது வரிசையில் என் மனைவி, கல்யாணப் பட்டுப்புடவையில் வியர்த்து வழிய, அவளும் விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வராத குறை.

அடுத்த இடத்தில் ஒரு மௌனம் எழுதியிருந்தது. அதை நீட்டினேன். வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தேன். புரிந்துகொண்டாள். தாளை மடியில் வைத்தாள். பக்கத்து மாமி விடாமல் விசிறவே, அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். மாமி முறைத்தார், பிறகு என்னைப் பார்த்தார், தாளை இறக்கினார். பின் வரிசையும் இறக்கியது. கொஞ்ச நேரத்தில் ஹாலே வியர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. நான் வாசித்து முடித்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் புழுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். லஸ் முனை தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கேட்டுதா?"

"நன்னாக் கேட்டுது. நடுவுல ஒரு எடத்துல உங்களுக்குக் கை நடுங்கித்தே, அதுகூடக் கேட்டுது."