நான் இருந்த விரதங்கள்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு ரிட்டயர்மெண்ட். ஒன்று என் அகத்துக்காரருடையது. பம்பாய்க் கோட்டைப் பக்கம் இருந்த ஆபீசில் அவருக்கு மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். இன்னொன்று என் வலது கையுடையது. அதற்கு மாலையும் கிடையாது, போட்டோவும் கிடையாது. ஒரு நாள் காலையில் பால் பாத்திரத்தை இறக்கப் போனேன். பாத்திரம் கீழே கிடந்தது, பால் தரை முழுக்க ஓடியது, கை மட்டும் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் நரம்பு என்றார், தைலம் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். தோள் கொஞ்சம் அசைந்தது. விரல் மடங்கவே இல்லை.

இதை இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு இடது கை ஆகும். சாப்பாட்டுக்குத்தான் ஆகாது.

மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. யார் வீட்டில் சீமந்தம், ஆயுஷ்ஹோமம் என்றாலும் பால் பாயசத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமி கை பட்டால் போதும் என்பார்கள். எனக்கு வேறு எதில் பேர்? படிப்பு ஐந்தாம் கிளாஸோடு சரி. குரல் பாட்டுக்கு உதவாது. நிறமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி இந்த ஊரில் வந்து இறங்கியது முதல் நான் சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். கை போனதைவிட, போயிற்று என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நான் பயந்தேன்.

ஆகவே மறைத்தேன். சமையலுக்கு ஆள் வைக்கப் பென்ஷன் இடம் கொடுக்கவில்லை. பெண் கல்யாணமாகித் தில்லியில் இருந்தாள். மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். நான் பண்றேன், அதுக்கென்ன இப்போ என்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனவர், அப்புறம் வெளியே வரவே இல்லை.

காலையில் பால் வாங்கி, காப்பி போட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். ரேஷன் கடையில் வரிசையில் நிற்பார். திரும்பி வந்ததும் கதவைத் தாழ் போட்டுவிட்டு, கரி அடுப்பைப் பற்றவைத்து, அம்மி முன்னால் உட்காருவார். காயும் பருப்பும் சேர்ந்த எங்கள் ஊர் மொளகூட்டலுக்குத் தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்தே ஆகவேண்டும். அரைக்காமல் எங்களுக்கு ஒரு நாள் போகாது. ஆபீசில் அத்தனை பேரை வேலை வாங்கிய மனுஷர் அம்மியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவார். நடுநடுவே நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வரும். வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்படாவிட்டால் அவர் பங்கையும் சேர்த்து நான்தானே படவேண்டியிருக்கிறது?

சமையல் ஆனதும் என்னை உட்காரவைத்து, சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிடுவார். கல்யாணமான பெண்ணைப் பெற்றவள், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கவளத்துக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

சாயங்காலம் அவர் பார்க்கில் மற்றப் பென்ஷன்காரர்களோடு உட்காரப் போவார். பேச்சுவாக்கில் அங்கே போய்க் கடுகு தாளிக்கிறதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்புவேன். வீட்டுக்கு யாராவது வந்தால் நானே முந்திக்கொண்டு, இவருக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது, ரிட்டயர் ஆகியும் எனக்கு ஒரு ஒத்தாசை கிடையாது என்று அலுத்துக்கொள்வேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி, ஆமாம், எனக்கு அடுக்களை எந்தப் பக்கம் என்றே தெரியாது என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெளியே சாப்பிட வேண்டி வந்தால்தான் ஆபத்து. அதற்கு விரதத்தைப் பிடித்தேன். புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, இன்றைக்கு எனக்கு ஒன்றும் கூடாது என்று சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். போகப் போக எனக்குப் பக்திமான் என்று பேர் வந்துவிட்டது. சின்னப் பெண்கள் நமஸ்காரம் பண்ண ஆரம்பித்தார்கள். கிளம்பும்போது, விசேஷ வீட்டில் யாராவது ஒரு சாப்பாட்டுச் சம்படத்தைக் கையில் கொடுத்து, மாமாவுக்கு என்பார்கள். எப்போதும் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடுகிற அளவு இருக்கும். அவர் ஆபீசில் பெரிய பதவியில் இருந்தவர் இல்லையா, அந்த மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

எங்களுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். மூன்று குழந்தைகள். புருஷன் கோட்டையில் குமாஸ்தா. அவள் வாயில் ஒரு சமாசாரம் விழுந்தால் சயான் ஸ்டேஷன் தாண்டிப் போய்விடும் என்பது என் எண்ணம். கீழாத்துக்காரி என்றுதான் அவளைச் சொல்வேன். யாருக்குத் தெரிந்தாலும் அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று ஸ்வாமிக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பம்பாயில் இருக்கிறவர்களுக்கு மழை புதிதில்லை. ஆனி மாசத்துக்கு முன்னாலேயே கரியைப் பரணில் ஏற்றி, அரிசி டின்னை உயரத்தில் வைத்து, ஜன்னல் கொக்கிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். அந்தப் புயல் அப்படி வரவில்லை. மழைக்காலம் முடிந்து, தீபாவளியும் போய், எல்லாரும் குடையை மடித்து வைத்த பிறகு வந்தது. மத்தியானம் மாஹிம் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சாயங்காலத்துக்குள் கரண்ட் போயிற்று, தெருவில் மரம் விழுந்தது, ரயில் நின்றது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கீழாத்துக்காரி குழந்தைகளையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தாள். அவள் புருஷன் ஆபீசிலிருந்து வந்து சேரவில்லை. கீழே அவளுக்கு எதிர்க் குடித்தனக்காரர்களும் வந்தார்கள். வா, வா என்றுதான் சொன்னேன். சொல்லும்போதே, இனிக் கதவைத் தாழ் போட முடியாதே என்று தோன்றிவிட்டது.

அன்று ராத்திரி எல்லாருக்கும் அவலும் வெல்லமும். எனக்கு விரதம்.

மறுநாள் காலையிலும் காற்று நிற்கவில்லை. யுத்த காலத்தில் விளக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். சுரண்டியும் முழுக்கப் போகாமல் அப்படியே விட்டிருந்தது. கண்ணாடி விரிசல் விட்டும் அந்தக் காகிதம்தான் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கதவெல்லாம் சாத்தி, பட்டப்பகலில் வீடு கும்மிருட்டு. கூடத்தில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன. கீழாத்துக்காரி எழுந்து, தான் சமைப்பதாகச் சொன்னாள்.

என் அடுக்களையில் இன்னொருத்தி கரண்டி பிடிக்கிறதாவது என்றேன். மாமா விளக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று ஒரு சிம்னி விளக்கை அவர் கையில் கொடுத்து, அவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அவர் உலை வைத்தார், புளி கரைத்தார், சுண்டைக்காய் வற்றலை வறுத்தார். நான் இடது கையால் பாத்திரங்களைத் தட்டிச் சத்தம் பண்ணினேன். விளக்கை நேராகப் பிடிக்கத் தெரியாதா, நகர்ந்து நில்லுங்கள், காலில் கொட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கூடத்துக்குக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டினேன். அவர் விளக்கை மேடைமேல் வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியபோது துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மாமிக்குக் களைப்பு, நான் பரிமாறுகிறேன் என்று அவரே இலை போட்டார். எல்லாரும் சாப்பிட்டார்கள். வத்தக்குழம்பு வாசனை வீடு முழுக்கச் சுற்றியது. நான் சுவரோரம் உட்கார்ந்து, எனக்கு இன்றைக்கும் விரதம் என்றேன். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. சொல்லி முடிப்பதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, தலை சுவரில் போய் இடித்தது.

கண்ணைத் திறந்தபோது அவர் எனக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தார். சாதத்தைப் பிசைந்து கொண்டிருந்தார்.

"வாயைத் திற" என்றார்.

"ஏன்னா, எல்லாரும் இருக்கா."

"இருக்கட்டும். வாயைத் திற."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் அந்த ஜன்னல் மொத்தமும் பெயர்ந்து என் தலையில் விழுந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். புருஷன் கையால் பெண்டாட்டி ஊட்டிக்கொள்வதை ஊர் பார்க்கிறதென்றால், அந்தக் காலத்தில் அதைவிட மானக்கேடு எனக்குத் தெரியாது.

கீழாத்துக்காரி எழுந்தாள். உள் அறையில் குழந்தைகள் இருட்டில் பயப்படுவார்கள் என்று சொல்லி, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். அறையில் குழந்தை ஒன்றுகூட இல்லை. மூன்றும் இலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தன. போகிற போக்கில் அவற்றையும் மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். கூடம் இருண்டுபோயிற்று. முதல் கவளம் என் மூக்கில் வந்து முட்டியது. இரண்டாவது வாய்க்குள் வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் வேகவேகமாக ஊட்டினார்.

சாயங்காலம் காற்று தணிந்தது. அவள் புருஷன் தண்டவாளத்தோடு நடந்தே வந்து சேர்ந்தான். எல்லாரும் கீழே போய்ச் சேற்றை வாரினார்கள். நான் ஒரு வாரம் வாசல் பக்கமே போகவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் அடுக்களைக்குள் புகுந்துகொள்வேன்.

அப்புறம் ஒரு நாள் அவளே மேலே வந்தாள், படுக்கை விரிக்கக் கொடுத்திருந்த ஜமக்காளத்தைத் திருப்பிக் கொடுக்க. என்னைக் குசலம் விசாரித்துவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவரிடம் திரும்பினாள்.

"மாமா, அந்த வத்தக்குழம்பு எப்படிப் பண்ணினேள்? கொழந்தைகள் அதையேதான் கேக்கறதுகள்."

அவர் பேப்பரை மடித்தார். "மாமியைக் கேளும்மா. அவ சொல்லச் சொல்லத்தான் நான் பண்ணினேன்."

இத்தனைக்கும் பிறகும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை மனுஷர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எப்போதிலிருந்து தெரியும் என்று அவளைக் கேட்டேன். ஜமக்காளத்தின் ஓரத்தைத் தடவினாள்.

"மொதல்லேர்ந்தே தெரியும் மாமி. உங்க அம்மி எங்க தலைக்கு மேலேதானே? நீங்க அரைச்சா ஒரே ஓட்டமா ஓடும். இது நின்னு நின்னு ஓடித்து."

"பில்டிங்ல வேற யாருக்குத் தெரியும்?"

அவள் ஜமக்காளத்தை மடித்து ஓரமாக வைத்தாள். எனக்குச் சம்படங்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு விசேஷத்திலும் மாமாவுக்கு, மாமாவுக்கு என்று கொடுத்த சம்படங்கள். இரண்டு பேருக்குக் காணுகிற அளவு. எத்தனை வீடு, எத்தனை பெண்கள். என் காலில் விழுந்து எழுந்த அதே கையால்தான் எனக்குச் சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க சொல்லலையே மாமி" என்றாள்.

அவள் குழம்பின் பக்குவத்தைக் கேட்கக் காத்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அதில் என்ன போட்டார், எதை எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, எந்தக் குழம்புக்கும் தெரியவில்லை. எத்தனையோ நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் பார்த்ததெல்லாம் தாழ்ப்பாள்தான்.

"நேக்குத் தெரியாது. அவர்தான் பண்ணினார். அவரையே கேளு" என்றேன். சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் காதெல்லாம் சிவந்துபோயிற்றாம், அவள் பிற்பாடு சொன்னாள். வற்றலைத் தனியாக வறுத்து வைத்துக்கொண்டு, குழம்பை இறக்குகிற சமயத்தில்தான் போடவேண்டும் என்று அவர் விளக்குவது காதில் விழுந்தது. நான் அடுக்களை பார்த்த காலம் முழுக்க முதலிலேயே போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவர் வழக்கம்போலத் தாழ் போட எழுந்தார். வேண்டாம் என்றேன். கதவு திறந்தே இருந்தது. படியில் யாரோ ஏறிப் போனார்கள். நான் ஒவ்வொரு கவளத்துக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். பாதியில், மொளகூட்டல் நன்னாருக்கு என்றேன். அவர் கை நின்றது. காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லு என்றார்.