இன்டர்வியூவில் எழுந்து நின்ற குடும்பம்

எங்கள் குடும்பத்து ஆண்களை முதன்முதலாகப் பார்த்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு, பாவம், வயிறுகள் மட்டும்தான் தெரிந்தன.

மூன்று வயிறு. வரிசையாக. அதில் ஒன்று என்னுடையது. எது பெரியது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. வாராவாரம் எதை எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நான், இப்படி ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்ததற்குக் காரணம், தங்கச்சி கலா போட்ட தடையுத்தரவு. “விசா வந்து நான் அங்க வேலையில நிலைக்கிற வரைக்கும் பேப்பர்ல ஒரு எழுத்து வரக் கூடாதுண்ணே. வந்துச்சு… அப்புறம் அண்ணன் தங்கச்சின்னு பாக்கமாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்திலிருந்து பேசியபோது அவளே தடையை நீக்கிவிட்டாள். ஆகவே, சொல்கிறேன்.

கலா கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் மனோகரன், என் மச்சான், டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு. சம்பளம் பத்தாம் தேதிக்குப் பிறகு நினைவாக மட்டும் இருக்கும் வீடு. உங்கள் வீட்டுக் கதையேதான்.

பிள்ளைகள் பெரிதாகிக்கொண்டே போக, கலா ஒருநாள் முடிவெடுத்தாள். இங்கிலாந்துக்குப் போகிறேன். முதியோர் இல்லங்களில் நர்ஸ் வேலை இருக்கிறது. குடும்பத்தையும் கூட்டிப் போகலாம்.

ஒரு ஏஜன்டைப் பிடித்தோம். அந்த மனிதர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! அங்கே ரோட்டில் தூசி இல்லையாம். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக அடம்பிடிக்காதாம். குளிர் ஒன்றும் பெரிதில்லையாம் – “நம்ம நுவரெலியா மாதிரித்தான் சேர்!”

இந்த மாதிரிப் பேச்சு எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. எங்கள் பாட்டன் பூட்டனிடம், கடலுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி என்ன சொல்லிக் கூட்டிவந்தார்? கண்டிச் சீமையில் செடியைத் தோண்டினால் அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று. அவர்களும் நம்பி மன்னார் பக்கம் இறங்கி, காடு வழியாக நடந்தே வந்து… தோண்டித்தான் பார்த்தார்கள். இன்றுவரை தோண்டிக்கொண்டிருக்கிறோம். கங்காணிக்குத் தலைப்பாகை. ஏஜன்டுக்குக் கழுத்துப்பட்டி. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் தேயிலைக்கு வந்தவர்கள் அல்ல. கோப்பிக்கு வந்தவர்கள்! இதை நான் சொல்லாவிட்டால் ஹந்தானை வீட்டில் கலாவோடு இருக்கும் எங்கள் பெரியப்பா கோபித்துக்கொள்வார். இந்த மலையில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு செடியில் நோய் விழுந்து, கோப்பி போய், தேயிலை வந்தது. பெரியப்பாவைப் பொறுத்தவரை தேயிலைக்காலத்தில் வந்தவர்கள் எல்லாம் நேற்று வந்தவர்கள். “நாம கோப்பிக்காலத்து ஆளுங்க. இவனுக பின்னாடி வந்தவனுக” என்பார், பக்கத்து லயத்தைக் காட்டி. அத்தாட்சி வேண்டுமா? வீட்டுக்குப் பின்னால் ஒரு கோப்பிச் செடி நிற்கிறது. அரசர் பரம்பரைக்கு வாள் இருப்பதைப் போல எங்களுக்கு அது.

கோப்பிக்குக் கூலியாக வந்ததில் என்ன பெருமை, தேயிலைக்குக் கூலியாக வந்ததில் என்ன சிறுமை என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். எல்லாம் ஒன்லைனில்தான். கலா முதல் இன்டர்வியூவில் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள். படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, இங்கிலீஷ் பரீட்சையும் பாஸ். பிறகு ஏன்? ஏஜன்ட் காரணத்தைக் கேட்டுச் சொன்னார்: “உங்க தங்கச்சி எதக் கேட்டாலும் ‘யெஸ் மேடம்’னு மட்டும் சொல்றாங்களாம் சேர்.”

உண்மைதான். நோயாளி மாத்திரையைத் துப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். யெஸ் மேடம். இரவில் தனியாக வார்டைப் பார்க்க முடியுமா? யெஸ் மேடம். உங்களிடம் உள்ள குறை என்ன? அதற்கும் யெஸ் மேடம்.

வீட்டில் கலா அப்படி இல்லை. மச்சான் மனோகரனைக் கேட்டுப் பாருங்கள். வார்டிலும் அப்படி இல்லை, நோயாளிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் மேலிடத்தில் இருந்து ஒரு குரல் கேட்டால் போதும்… எங்கிருந்தோ அந்த யெஸ் மேடம் வந்துவிடும்.

மூன்றாவது இன்டர்வியூ. இதுவும் போனால் இனி நான் எங்கே கேட்பது என்று ஏஜன்ட் கையை விரித்துவிட்டார். கலா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மூத்தவனை நல்ல ஸ்கூலில் விட முடியாமல் போனது, வீட்டுக் கூரை ஒழுகுவது எல்லாம் அந்த ஒரு இன்டர்வியூவின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மச்சானுக்கோ வேறு கவலை.

“டிபெண்டன்ட்னு போட்டிருக்கே மச்சான், அப்பிடின்னா என்னா?”

“கலாவோட விசாவுக்குக் கீழ உங்க விசா. அவ வேலைக்குப் போவா. நீங்க அவளோட ஆளாப் போறீங்க.”

தோட்டத்தில் ஒரு காலத்தில் சம்பள நாளில் மனைவியின் கூலியையும் புருஷன்தான் கைநீட்டி வாங்குவான். மச்சானின் அப்பாவும் அப்படித்தான் வாங்கினார். இப்போது மகன், மனைவியின் பெயருக்குக் கீழே.

“ஸ்டேண்ட்ல பயலுகளுக்குத் தெரிய வேணாம் மச்சான்” என்றார். அடுத்த நாளே ரொட்டி சுடப் பழக ஆரம்பித்தார். முதல் ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் விடவில்லை மனிதர். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஹந்தானையில் சிக்னல் வரும், போகும். அதனால் இன்டர்வியூ டவுனில் என் வீட்டில். கலா மட்டும் வருவாள் என்று பார்த்தால், த்ரீவீலில் இருந்து பெரியப்பாவும் இறங்குகிறார்! கோட், கம்பளித் தொப்பி, கையில் குடை.

“நீங்க எதுக்கு பெரியப்பா?”

“பொம்பளப் புள்ள ஒத்தையா போயி நின்னா நாதியத்ததுன்னு நெனப்பாங்க. குடும்பமாத் தெரியணும். அப்பெல்லாம் குடும்பமாத்தான் ஆளெடுப்பாங்க.”

“அப்பெல்லாம்னா?”

“கோப்பிக்காலத்துல!”

என்ன சொல்லி இவரைத் தடுப்பது? கலா மேசையில் லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று கதிரை. பெரியப்பா, மச்சான், நான். மச்சான் என் வெள்ளைச் சட்டையும் என் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். கீழே அவருடைய சொந்தச் சாரம். “மேல மட்டுந்தானே தெரியும்” என்றார், விவரம் தெரிந்தவராக.

எங்களுக்குப் பகல் இரண்டரை, இங்கிலாந்தில் காலை; ஸ்கிரீனில் முதலில் குரல் மட்டும் வந்தது. ஹலோ… கேட்கிறதா… ஹலோ… பிறகு திடீரென்று முகம். ஹெலன் என்ற அந்தப் பெண்மணி. வெள்ளை முடி, சிவப்புக் கண்ணாடி, சிரித்த முகம்.

“குட் மோர்னிங்!”

கதிரைகள் கிறீச்சிட்டன. பெரியப்பா எழுந்தார். மச்சான் எழுந்தார். பெரியப்பாவின் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தது. இவர்கள் இரண்டு பேரும் சரி, தோட்டத்து மனிதர்கள். தொரை வரும் பாதையில் ஒதுங்கி, தலைத்துண்டை இறக்கி நின்று பழகிய ரத்தம். ஆனால் மூன்றாவது ஆள்? அடிமைப் புத்தி ஒழிய வேண்டும் என்று இதே பத்தியில் எத்தனை வாரம் முழங்கியிருக்கிறேன்! நானும்தான் எழுந்து நின்றேன். கால் என்னிடம் கேட்கவேயில்லை.

ஸ்கிரீனின் மூலையில் எங்களை நாங்களே பார்த்தோம். கலாவின் தலைக்குப் பின்னால் மூன்று வயிறு, நடுவில் மச்சானின் கட்டம்போட்ட சாரம், அதன்மேல் ஆடும் கழுத்துப்பட்டி.

ஹெலனின் சிரிப்பு மறைந்தது. “என்ன நடந்தது? பூமி அதிர்ச்சியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ மேடம்” என்றாள் கலா. போச்சு, மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன்.

கலா மெல்லத் திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் வார்டில் ட்ரிப்பைப் பிடுங்கிக்கொண்டு பீடி குடிக்கப் போகிற ஆட்கள் பார்த்திருப்பார்கள்.

“மூணு பேரும் உக்காருங்க!”

நானும் மச்சானும் தொப்பென்று உட்கார்ந்தோம். பெரியப்பா நின்றார்.

“அந்தம்மா சொல்லலியேம்மா…”

“அவங்க சொல்லமாட்டாங்க பெரியப்பா. நான் சொல்றேன். முழங்கா வலிக்குதுன்னு ராத்திரி யாருகிட்ட வந்து அழுவீங்க? அவங்ககிட்டயா, என்கிட்டயா? உக்காருங்க!”

பெரியப்பா உட்கார்ந்தார். தொப்பி கக்கத்திலேயே இருந்தது.

ஹெலன் கேட்டார்: “அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?”

இங்கேதான் ஒன்று நடந்தது. கோபம் இன்னும் இறங்காத கலா, மேடத்தை மறந்துவிட்டாள். கடகடவென்று இங்கிலீஷ் வந்தது. “எங்கள் தோட்டத்தில் முன்பெல்லாம் மெனேஜர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அது பழைய வியாதி. இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. உட்காரச் சொன்னேன். அந்தப் பெரியவருக்கு முழங்கால் தேய்மானம், நிற்கவே கூடாது. சொன்னால் கேட்கமாட்டார்.”

“ஆனால் கேட்டாரே!”

“நான் சொன்னால் கேட்பார்.”

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்திருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. “எங்கள் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். பழைய இராணுவ அதிகாரி. யார் சொன்னாலும் கேட்கமாட்டார். நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?”

கலா கட்டை விரலால் பின்னால் எங்களைக் காட்டினாள். “இவர்களுக்கு முன்னால் அவர் எம்மாத்திரம்?”

ஒரு வாரத்தில் வேலை வந்தது.

பெரியப்பா இன்றுவரை சொல்வது என்ன தெரியுமா? “குடும்பமாப் போயி நின்னோம். குடுத்துட்டாங்க.” இதை மறுத்துப் பேச முடியுமா? முடியாது. அதுதான் கஷ்டம்.

விசா வந்த பிறகு சிலர் என்னிடம் கேட்டார்கள்: நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் நாட்டுக்கே வேலைக்குப் போவது அவமானமில்லையா? அந்த நாட்டிலும் சிலர் புலம்புகிறார்களாம், வெளியாட்கள் வந்து நிறைகிறார்கள் என்று. வாஸ்தவம்தான்… கண்டி ராஜாவின் மலைக்கு அவர்கள் எந்த விசாவில் வந்தார்கள்? பீரங்கியோடு வந்தார்கள். காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும் என்று எங்களைக் கடல் தாண்டி இழுத்துவந்தார்கள். கலா அங்கே பிரஷர் பார்க்கும் கருவியோடு போகிறாள். பாஸ்போர்ட்டைக் காட்டி, கியூவில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு போகிறாள். எது மரியாதையான வருகை என்று நீங்களே சொல்லுங்கள்.

எயார்போர்ட்டில் பெரியப்பா கோப்பிக்கொட்டை ஒரு பை கொடுத்தார். வீட்டுச் செடியில் பறித்து, வறுத்து, இடித்தது. “அவங்களோடதுதான். திருப்பிக் குடுத்துரு” என்றார். பகிடி விட்டாரா, நிஜமாகத்தான் சொன்னாரா தெரியவில்லை.

இப்போது போன ஞாயிறு. நான் ஹந்தானைக்குப் போயிருந்தேன். போனில் கலா. பின்னால் மச்சான் அப்ரனுடன் அங்குமிங்கும் ஓடுகிறார். ரொட்டி வட்டமாகவே வருகிறதாம். அங்கே எல்லோரும் கோப்பிதான் குடிக்கிறார்களாம். எங்களை இத்தனை காலம் தேயிலையில் விட்டுவிட்டு!

“ஹெலன் சொன்ன அந்த ஆமிக்காரர் எப்பிடிம்மா?” என்று கேட்டேன்.

“ஐயோ, அத ஏன் கேக்குறீங்கண்ணே! மருந்தெல்லாம் சமத்தாக் குடிக்கிறாரு. ஆனா நான் ரூமுக்குள்ள போனா எந்திரிச்சு நிக்கிறாரு. பொம்பள ஒருத்தி உள்ள வந்தா ஆம்பள எந்திரிக்கணுமாம். அந்தக் காலத்துப் பழக்கமாம். வோக்கரப் புடிச்சுக்கிட்டு, கைகாலெல்லாம் ஆட ஆட நிக்கிறாரு. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓடிப்போயி உக்காருங்க சேர், உக்காருங்கன்னு… அவர உக்கார வைக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். கம்பளித் தொப்பியை நன்றாக இழுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

“யாரு… தொரையா? உன்னப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறாரு?”

“ஆமா பெரியப்பா.”

பெரியப்பா வெளியே கோப்பிச் செடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“பாவம், வலிக்கும்மா. சீக்கிரமா உக்காரச் சொல்லிரு.”