ரோஸ்லின் அக்கா கொண்டுபோன மணல்

டூர் மேனேஜராக நான் தனியாக அழைத்துப்போன முதல் குழுவே பாதுகாக்கப்பட்ட கடற்கரைகளைப் பார்க்கப் போன குழுதான். மூன்று நாடு, பதினாறு பேக்ஸ். பயணிகளை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். நாகர்கோவிலில் வண்டி ஏறும்போது முதலாளி என்னைத் தனியே இழுத்தார்.

"ஏலே, ஆளு தொலஞ்சாக்கூட தேடிக்கிடலாம். அங்க மணலை எவனாவது அள்ளினான்னா பிடிச்சு உள்ள போட்டுருவான். உனக்கும் இங்க வேலை கிடையாது, கேட்டியா?"

அந்தப் பயத்திலேயே தினமும் பஸ்ஸில் மைக் பிடித்தேன். கல் எடுக்காதீர்கள், சிப்பி எடுக்காதீர்கள், காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு ஏறுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள், ரோஸ்லின் அக்காவைத் தவிர. கன்னியாகுமரியில் முப்பது வருடமாகச் சங்கும் கலர் மணல் பொட்டலமும் விற்கிறவர். துபாய் மகன் அனுப்பிவைத்திருந்தான்.

"எடுக்கவும் கூடாது, விக்கவும் கூடாதுன்னா பின்ன எதுக்குடே இவ்வளவு மணலு?"

"பாக்கதுக்கு அக்கா."

"நல்ல கதை!"

கடைசியாக இத்தாலிப் பக்கம் ஒரு தீவு. அதையும் பத்திரமாக முடித்து ஏர்போர்ட் வந்தோம். பதினைந்து பேர் ஸ்கேனரைத் தாண்டிவிட்டார்கள். அக்காவின் ஹேண்ட் லக்கேஜ் மட்டும் நின்றுவிட்டது. ஆபீசரம்மா உள்ளே கைவிட்டு ஆறு பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். மணல்! போர்டிங் முடிய அரை மணி நேரம்தான் இருந்தது.

"சதிச்சிட்டியளே அக்கா!"

"லேய், இது எங்க மணலாக்கும்! நல்லபடியா பேசுகவனுக்குக் குடுக்கலாம்னு ஊர்லேருந்து கொண்டாந்தேன். இங்க உள்ளவனுவ மணலை நீட்டினாலே பேயைக் கண்டதுபோல ஓடுகானுவ!"

ஆபீசரம்மாவிடம் சொன்னேன். எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். என் வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அக்கா அசரவில்லை.

"வீட்டுக்காரிக்கு ஃப்ரிட்ஜில ஒட்டுக காந்தம் வாங்கினியே, அதை எடு."

ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டினார். சிவப்பும் பழுப்பும் கறுப்புமாக மணல் பரந்தது. காந்தத்தை அருகே கொண்டுபோனதும் கறுப்பு மணல் மட்டும் எழுந்து தாடிபோல ஒட்டிக்கொண்டது.

"இனி அவங்க மணலைக் கொண்டுவரச் சொல்லு."

யாரிடமோ பறித்து வைத்திருந்த ஒரு பாட்டில் வந்தது. வெள்ளை மணல். காந்தத்தை அதற்குள்ளேயே புதைத்தும் ஒரு பொடிகூட அசையவில்லை. "கண்டியா! இந்த வெளிறினதையா நான் களவெடுப்பேன்?" என்றார் அக்கா. நான் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆபீசரம்மா சிரித்துவிட்டார். காகிதத்தில் கிடந்ததை ஒரு மணிகூடச் சிந்தாமல் பொட்டலத்தில் சேர்த்துக் கொடுத்தார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அக்கா என்னிடம்.

"இவ்வளவு அழகான மணலை உங்க ஊர்ல அள்ள விடுகாவளான்னு கேக்காவ."

மூன்று நாடும் வாய் ஓயாத அக்கா, பொட்டலத்தின் வாயைத் திரும்பத் திரும்ப முறுக்கினார்.

"போர்டிங்குக்கு நேரமாச்சுன்னு சொல்லு மக்கா."

எங்கள் கரையில் லாரி லாரியாக மணல் அள்ளுவதைச் சொல்லாமல் நானும் அதையே சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பையைத் திரும்பும்போது மட்டும் பார்த்தால் போதாது, புறப்படும்போதும் பாருங்கள். அந்தக் கேள்வியை எந்தக் கடற்கரையிலும் யாராவது கேட்பார்கள். பதிலை யோசித்து வையுங்கள். நான் இன்றுவரை போர்டிங்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.