அவள் பேட்டியில் என் அப்பா

என் அப்பாவுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. வந்திறங்கும் தகடுகளின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் அளவு எழுதுவார். துருவில் பிரஷ் சிக்கும் என்பதால் ஒவ்வோர் எண்ணையும் கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் தடிமனாகப் போட்டுவிடுவார். பள்ளி விடுமுறையில் சாப்பாடு கொண்டுபோகும்போது அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பிற்பாடு நான் காமிக்ஸ் வரையத் தொடங்கியபோது, என் மனிதர்களின் தோளும் முதுகும் அதே இழுப்பில்தான் விழுந்தன.

இதை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். ஓவியக் கல்லூரியில் உடன் படித்த தோழி; வீடு அடையாறில். மெலிதான, அழகான கோடு அவளுக்கு. ஆனாலும், "என் கோட்டுல உயிரே இல்லடி" என்று புலம்புவாள். ஒருநாள் அவளை ரயிலில் திருவொற்றியூருக்கு அழைத்து வந்து மார்க்கெட்டைக் காட்டினேன். அப்பா அவள் கையில் பிரஷைக் கொடுத்தார்.

"பயப்படாம இஸ்து வுடும்மா. இரும்புக்கு இன்னா வலிக்கவா போவுது?"

அன்று வீட்டில் அம்மா பொரித்த சங்கரா மீனை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சில வருடங்களில் அவளுடைய காமிக்ஸ் புத்தகம் வந்தது. முழுக்கத் தடித்த கோடுகள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் பிறரிடமிருந்து எடுத்தவள்தான்; ராயபுரம் மாதா கோயில் சுரூபச் சிலைகளின் மேல்நோக்கிய கண்கள் இல்லையென்றால் நான் வரையும் பெண்களுக்கு முகமே கிடையாது.

பிறகு யூடியூபில் அவள் பேட்டியைப் பார்த்தேன். இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

"எங்க குடும்பத்துல ஒருத்தர் இரும்பு மார்க்கெட்ல தகடு மேல நம்பர் எழுதுவார். சின்ன வயசுல அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போவேன்" என்றாள்.

உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"அது உங்க அப்பாவுக்கு நான் செஞ்ச மரியாதைடி. ஸ்டைல் யாருக்கும் சொந்தமில்லையே?"

"கோட்டை எட்த்துக்கோ. நைனாவுக்கு சோறு எட்த்துகினு போனது நான்தானே?"

"நீ ரொம்ப சென்டிமென்ட்டா பேசுற" என்று வைத்துவிட்டாள்.

மார்க்கெட்டில் யாரோ அந்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் வந்ததும் கேட்டார்.

"நம்ம வூட்டுக்கு வந்துச்சே, அந்தப் பொண்ணுதானே?"

"ஆமா நைனா."

"அவங்க வூட்லயும் என்னிய மாரி ஒருத்தரு கீறாரா? சொல்லவே இல்லியே. ஒரு தபா அவர பாக்கணும்."

"கீறாரு போல" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

அந்த மாதமே என் பக்கங்களை ஒரு பதிப்பாளர் திருப்பி அனுப்பினார். அவளுடைய பாதிப்பு என் கோடுகளில் அதிகமாகத் தெரிகிறதாம். பதில் எழுத உட்கார்ந்தேன். என் அப்பா, இரும்புத் தகடு, வெள்ளைப் பெயின்ட் என்று நாலு வரி எழுதிப் படித்துப் பார்த்தால், அவள் பேட்டியைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. அழித்துவிட்டேன்.

ஒரு கோட்டையும் மாற்றாமல் அதே பக்கங்களை வேறொருவருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.