மகனுடைய காருக்கு மெழுகு

காரை வீட்டிலேயே மெருகேற்றுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: துடைத்து நிமிர்ந்த மறு நிமிடம் காக்கை வந்துவிடும். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் நாம் உறவு. எங்கள் கார் கருநீலம். பட்டாளத்தில் இருக்கும் என் மகன் கண்ணன் வாங்கியது. போகும்போது சாவியை என் கையில் வைத்து, "வெயில்ல மங்கிராமப் பாத்துக்கோங்கம்மா, சாரல் சீசனுக்கு வந்துருதேன்" என்றான். எனக்கு ஓட்டத் தெரியாது. துடைக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எலுமிச்சை

புளியங்குடியிலிருந்து தங்கை ஒரு பை எலுமிச்சை அனுப்பியிருந்தாள். பானெட்டில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. பித்தளையை வெளுக்க வைக்கிற பழம் இதை விட்டுவைக்குமா என்று நறுக்கிய ஒரு மூடியால் தேய்த்தேன். எச்சம் போனது. கூடவே பளபளப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் விழுந்தது. அவன் வந்து பார்த்தால் என்ன சொல்வேன்? தென்காசியில் பெயின்ட் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். பாலிஷ் டப்பாவையும் மெழுகு டப்பாவையும் எடுத்து வைத்தபடி கேட்டார்:

"குத்துவிளக்குன்னு நினைச்சிட்டீயளோ ஆச்சி?"

அழுத்தம்

பக்கத்து வீட்டு இசக்கி, குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அருவி வற்றிய மாதங்களில் காம்பவுண்ட் சுவரில் கையூன்றி என் வேலையை வேடிக்கை பார்ப்பார். அன்று மங்கலைப் போக்கும் ஆத்திரத்தில் பலம் கொண்ட மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து துணியை வாங்கினார். விரலை ஊன்றாமல் உள்ளங்கையால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். கைக்குழந்தையாக இருந்த கண்ணனுக்கு நானும் அப்படித்தான் எண்ணெய் தேய்த்திருக்கிறேன்; கை மறந்துபோயிருக்கிறது. மங்கல் மெல்ல விலகி, அந்த இடத்தில் தென்னங்கீற்று தெரிந்தது.

"அழுத்தாதீய ஆச்சி, அதுக்கும் வலிக்கும்லா."

லீவு

ஆனியில் காற்று குளிர்ந்தது. மெழுகு ஒரு முறை பூசினால் மூன்று மாதம் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் இரண்டு வாரத்தில் இரண்டு முறை பூசினேன். அப்போதுதான் அவன் போன் வந்தது. லீவு தள்ளிப் போய்விட்டதாம், ஆடியும் சந்தேகமாம். "இருக்கட்டும்யா, இங்கன இன்னும் சாரலே தொடங்கலை" என்றேன். வெளியே சாரல் பானெட்டில் நிற்க இடமில்லாமல் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மழைச் சத்தம் கேக்குதும்மா."

கை

ஆவணியில் சொல்லாமல் வந்து நின்றான். ஐந்தே நாள். காரைச் சுற்றி வந்தான், பானெட்டில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கினான். மறுநாள் இசக்கியோடு குற்றாலம் போனான். அவர் கையால் எண்ணெய்க் குளியல். வண்டி சேறும் எண்ணெயுமாகத் திரும்பியது. ஆறாம் நாள் ரயில் ஏறிவிட்டான்.

வாளியை எடுத்தேன். கூரை, கதவு, சக்கரம் எல்லாம் துடைத்தாயிற்று. பானெட்டின் வலது பக்கம் மட்டும் மிச்சம். அங்கே எண்ணெய்க் கையை ஊன்றி நின்றிருக்கிறான்; ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. துணியோடு நின்றேன். சுவருக்கு அப்பாலிருந்து இசக்கி எட்டிப் பார்த்தார்.

"அதை விட்டுருங்க ஆச்சி. நான் தேய்ச்ச எண்ணெய்லா, லேசில போவாது."

மெழுகு மூன்று மாதம் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது; அடுத்த லீவு வரைக்கும் தாங்குகிற சரக்கு தென்காசிக் கடைகளில் எதிலும் இல்லை, விசாரித்துவிட்டேன்.